சைக்கிள் ஸ்டாண்ட் சொன்ன கணக்கு: சிங்காநல்லூர் தாண்டி ஒரு தியேட்டர்

தியேட்டரை ஏன் மூடினார்கள் என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். டிவி வந்தது, வீட்டிலேயே கேசட் போட்டுப் படம் பார்க்கிற வீடியோ டெக் வந்தது, திருட்டு வி.சி.டி. வந்தது, மால் வந்தது, இப்போது செல்போனிலேயே படம் வந்துவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் இத்தனையும் வந்த பிறகும் ஓடுகிற தியேட்டர்கள் கோவையில் இருக்கின்றன. அப்புறம் இந்த ஒன்று மட்டும் ஏன் படுத்தது?

திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் தாண்டி இருந்த தியேட்டர் அது. சொத்து இன்னும் குடும்பத்துக்குள் பேச்சில் இருப்பதால் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் அப்பா மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட். நான் முதலில் பார்த்த படம், முதலில் வாங்கிய முட்டை போண்டா, முதலில் தொலைத்த சைக்கிள் டோக்கன் எல்லாம் அங்கேதான். ஆகவே நடுநிலை என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் கணக்கைக் கணக்காகவே போடப் பார்க்கிறேன்.

முன்கதை

கோவைக்கும் சினிமாவுக்கும் உள்ள சம்பந்தம் ரொம்பப் பழையது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தத் தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பேர் நின்றுவிட்டது. அந்த ஹால்தான் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது.

1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்து 1947ல் வந்த படம் அங்கே எடுத்ததுதான். புலியகுளம் பக்கம் பட்சிராஜா ஸ்டுடியோ. ஆக எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலர் படம் எடுப்பதைப் பார்த்த பிறகுதான் படத்தையே பார்த்தார்கள். திரையில் வரும் ராஜாவை வீதியில் டீ குடிக்கக் கண்டவர்களுக்கு சினிமா மேல் பக்தி கொஞ்சம் குறைவுதான். ஆனால் பழக்கம் அதிகம்.

இதெல்லாம் ஓரம். நடுவில் இருந்தது மில். கோவையின் முதல் பஞ்சாலை 1888ல் ஸ்டேன்ஸ் குடும்பம் தொடங்கியது. 1932ல் பைக்காரா மின்சாரம் நீலகிரி மலையிறங்கி வந்தது. அதன்பின் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், ஒண்டிப்புதூர் என்று வரிசையாக மில்கள். வானம் பார்த்த பூமியில் சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. தீபாவளிக்கு போனஸ். ஒரு சைக்கிள். சம்பளம், போனஸ், சைக்கிள் இந்த மூன்றையும் நம்பித்தான் அந்த தியேட்டரைக் கட்டினார்கள்.

கட்டடம்

அறுபதுகளின் கடைசி. அதற்கு முன்பு அந்தப் பக்கத்தில் இருந்தவை டூரிங் டாக்கீஸ்தான். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, நடுவில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் குட்டைச் சுவர், ஒரே புரொஜக்டர் என்பதால் ரீலுக்கு ரீல் இடைவேளை. அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்.

முகப்பில் தூணே இல்லாமல் வெளியே நீண்ட கான்கிரீட் தட்டு, போர்டிகோவாக. அது விழுந்துவிடும் என்று எங்கள் அப்பத்தா கடைசி வரைக்கும் அதன் அடியில் நிற்கவில்லை. வலது ஓரத்தில் மட்டும் நெட்டுக்குத்தாக ஒரு கான்கிரீட் பலகை, கூரைக்கு மேல் துருத்திக்கொண்டு. அதில் மேலிருந்து கீழாகத் தியேட்டர் பெயர், எழுத்துக்கு ஒரு நியான் விளக்கு. இடது பக்கம் அப்படி எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக இல்லாத ஒரு கட்டடத்தை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபுரம், அரண்மனை வளைவு, சிங்க முகம், தாமரை எதுவும் இல்லை. வெறும் கோடும் சதுரமும். ஊரில் அதற்கு "மாடர்ன் டைப்" என்று பேர். பம்பாயில் முப்பதுகளில் ரீகல், ஈராஸ் தியேட்டர்களைக் கட்டிய பாணி வேறு, சண்டிகர் என்ற புது நகரத்தைக் கட்டிய பிறகு நாடு முழுக்கப் பரவிய பாணி வேறு. இது இரண்டாவது வகை. சண்டிகர் சிங்காநல்லூருக்கு வந்துசேரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான்.

மேற்குச் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக ஓட்டை விட்ட சிமென்ட் ஜாலி. இதுதான் அந்தக் கட்டடத்தின் மூளை என்பேன். பாலக்காட்டுக் கணவாய் எங்களுக்கு மேற்கே திறந்து கிடக்கிறது. வைகாசி கடைசியில் தொடங்கி ஆடி முடியும் வரைக்கும் அதன் வழியே காற்று கொட்டும். அந்தக் காற்றை ஜாலி வாங்கி, லாபி வழியாகவும் பால்கனிப் படிக்கட்டு வழியாகவும் உள்ளே விட்டது. இடைவேளையில் லாபியில் நின்றால் வேட்டி தூக்கும். ஏசி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ராத்திரியில் உள்ளே விளக்குப் போட்டால் அந்த ஜாலி நிழல் ரோட்டில் கோலம் போட்ட மாதிரி விழும்.

தரையில் பச்சையும் வெள்ளையும் கலந்த மொசைக், நடுவில் அலுமினியப் பட்டை ஓடும். மேலே கூரைக்கு இரும்பு டிரஸ், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மில் கூரை போட்ட ஆட்களே போட்டது. ஐப்பசி மழை பிடித்தால் வசனம் கேட்காது. அந்த நேரத்தில் படம் பார்த்தவர்கள் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

உள்ளே தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். ஒரே அரங்கம், ஒரே சரிவு, மேலே பால்கனி. முக்கியமான சங்கதி, தரை டிக்கெட் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் முதுகு சாய ஒரு பலகை இருந்தது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்த மொசைக் லாபியில் குறைந்த டிக்கெட்காரர்கள் கால் வைத்ததே இல்லை. அவர்களுக்குப் பக்கவாட்டுச் சந்தில் கியூ. ஆள் அகலத்துக்கு இரண்டு சுவர், மேலே கம்பி, கடைசியில் கை மட்டும் நுழைகிற ஓட்டை. புதுப்பட நாளில் உள்ளே மாட்டினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது, வேர்வையில் சட்டை ஒட்டிப் பிழிந்துவிடும். முன்னால் சண்டிகர், பக்கத்தில் கூண்டு. அப்பாவோடு போகும்போது கூண்டு. பின்னாளில் நானாகச் சம்பாதித்து லாபி வழியாகப் போனபோதுதான் அந்தப் படிக்கட்டு எவ்வளவு அழகு என்றே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மேட்னி

தொள்ளாயிரம் இருக்கை, நாளுக்கு நாலு காட்சி என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 25,200 இருக்கை. சனி ஞாயிறு எந்தத் தியேட்டரும் நிறையும். செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு யார் வருவார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் தியேட்டர் தொழில் தெரிந்த மாதிரி.

எங்கள் பக்கம் பதில், ஷிப்ட். பகல் ஷிப்ட் விட்டவர்கள் சாயங்காலம் ஃபர்ஸ்ட் ஷோவுக்கு வருவார்கள். அரை நைட்டுக்குப் போக வேண்டியவர்களுக்குக் காலை பூரா சும்மா இருக்கும், காலைக்காட்சிக்கு வருவார்கள். முழு நைட் முடித்தவர்கள் வீட்டில் போய்ப் படுத்து, எழுந்து, சாப்பிட்டு மேட்னிக்கு வருவார்கள். பாதிப் பேர் அங்கேயும் தூங்குவார்கள், அது வேறு. மில்லுக்கு விடுமுறை நாள் வேறு வேறாக இருந்ததால் ஊருக்கே ஒரே ஞாயிறு கிடையாது. இந்த மில்லுக்கு லீவு என்றால் அந்த மில்லுக்கு வேலை. வாரம் ஏழு நாளும் யாருக்காவது லீவு. தியேட்டர்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைக் கண்ணால் பார்க்கிற இடம் சைக்கிள் ஸ்டாண்ட். தியேட்டருக்கு வடக்கே தகரக் கூரை, இருபுறமும் வரிசையாக வண்டிகள். வண்டியை நிறுத்தினால் நம்பர் அடித்த வட்டத் தகரம் ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், அதே நம்பரில் இன்னொன்று நம் கையில். அதைத் தொலைத்தால் எல்லா வண்டியும் போன பிறகு கடைசியாக நிற்கிற வண்டி நம்முடையது என்று நிரூபிக்க வேண்டும். நான் ஒருமுறை அப்படி ராத்திரி ஒரு மணி வரை நின்றேன். எனக்குப் பக்கத்தில் அதே காரணத்துக்காக இன்னொருவர் நின்றார். கடைசியில் நின்றவை இரண்டு ஹெர்குலிஸ், இரண்டும் பச்சை. செயின் கவரில் இருந்த கறுப்பு மைக் கீறலைக் காட்டித்தான் மீட்டேன்.

ஸ்டாண்டுக்காரர் மில் வண்டிகளை மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக விடுவார். படம் முடிகிற முன்னாலேயே ஷிப்டுக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள். கிளைமாக்ஸ் பார்க்காமலே இருபது வருஷம் படம் பார்த்த ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. ரொம்பப் பின்னாடி ஒருநாள் அவரிடம் கேட்டேன், எந்தப் படத்துக்குக் கூட்டம் அதிகம் என்று.

"அதெனக்கெப்படீங் தம்பி தெரியும்? சங்கு ஊதுனா வண்டி வரும். உள்ள என்ன படம் ஓடுதுன்னு நான் கேட்டதே இல்லீங்."

ஒரு தொழில் ஆலோசகர் நாலு மாதம் உட்கார்ந்து எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

பெட்டி, ரீல், கார்பன்

சினிமா வியாபாரத்தில் கோவை தனி ஏரியா. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, சேலம், நெல்லை-கன்னியாகுமரி என்று படத்தைப் பிரித்து விற்கிறபோது கோவைக்கு எப்போதும் நல்ல விலை. ஏரியாவுக்குள்ளே டவுன் தியேட்டர்களுக்குத்தான் ரிலீஸ். எங்களைப் போன்ற புறநகருக்கு ஷிப்டிங். டவுனில் ஐம்பது நாள், நூறு நாள் ஓடிய பிறகு படப்பெட்டி இங்கே வரும். பிரிண்டில் கோடு விழுந்திருக்கும், பாட்டு நடுவில் ஒரு துள்ளல் துள்ளும். டிக்கெட் விலை குறைவு, பஸ் செலவு மிச்சம். அதனால் யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. ஓடுமா ஓடாதா என்பது டவுனிலேயே தெரிந்துவிடுவதால் தியேட்டருக்கும் ரிஸ்க் கம்மி. எண்பதுகளில் ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுவதும் நடந்தது. ஒரு பையன் ரீல் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஓடுவான். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் இங்கே இடைவேளை நீளும். முறுக்கு வியாபாரிக்குக் கொண்டாட்டம்.

ஆபரேட்டர் ரூமுக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மாடியில், செங்குத்தான இரும்பு ஏணி. உள்ளே இரண்டு புரொஜக்டர், கரும்பச்சை நிறத்தில், ஆள் உயரம். பின்னால் தகரப் புகைபோக்கி கூரைக்குப் போகும். பல்ப் கிடையாது, கார்பன். செம்பு பூசிய இரண்டு குச்சிகளை எதிரெதிரே வைத்து டி.சி. கரண்ட் விட்டால் நடுவில் வெல்டிங் மாதிரி வெளிச்சம். குச்சி எரிய எரியத் திருகிக் கிட்டத்தில் கொண்டுவர வேண்டும். ஆபரேட்டர் அண்ணன் கறுப்புக் கண்ணாடிச் சில் வழியாக அதைப் பார்த்தபடியே பேசினார்.

"ரெண்டும் கிட்ட வந்தா ஒட்டிக்கும், தள்ளிப் போனா அணைஞ்சுரும். அதுக்குன்னு ஒரு எடம் இருக்குது. அதுலயே நிறுத்தோணும்."

இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். கீழே தொள்ளாயிரம் பேருக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அன்றைக்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் என் கண் அந்த மூலைக்குப் போய்விடும். டிஜிட்டல் வந்து இத்தனை வருஷமாகியும் போகிறது.

சரிவு எங்கே தொடங்கியது

எண்பதுகளில் டெக் வந்தது. வாடகைக்குக் கலர் டிவியும் டெக்கும் எடுத்து வந்து, ராத்திரி முழுக்க மூன்று படம். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. இரண்டுக்கும் தியேட்டர் அசைந்தது, சாயவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குடும்பக் கூட்டம் குறைந்தது. செவ்வாய் மேட்னி அப்படியே இருந்தது. தங்கும் லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் அஞ்சு பேர், இதில் பகலில் வீட்டில் இருக்க எவனுக்கு ஆசை?

அடி விழுந்தது மில்லில். தொண்ணூறுகளில் தொடங்கிப் பெரிய மில்கள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தன. சில மூடின. வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் அந்தப் பணத்தில் ஆட்டோ வாங்கினார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், சிலர் பெட்டிக்கடை வைத்தார்கள். மாதச் சம்பளக்காரன் தினக் கணக்குக்காரன் ஆனான். 1974ல் நாட்டுடைமையான மில்கள் மட்டும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் இழுத்துப் பிடித்து ஓடின. 2020 மார்ச் ஊரடங்கில் அவையும் நின்றன.

நூல் நூற்பது கொங்கில் நிற்கவில்லை, இடம் மாறியது. ஊருக்கு வெளியே புது மில்கள். அங்கே வேலைக்கு வந்தவர்கள் தென் மாவட்டத்துச் சின்னப் பெண்கள். மூன்று வருஷம் வேலை, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அதை வைத்துக் கல்யாணம் என்று சுமங்கலித் திட்டம் என்ற பேரில். தங்குவது மில் வளாகத்து ஹாஸ்டலில். கேட்டைத் தாண்டி வெளியே வருவது மாதத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். அதுவும் வார்டன் கூட. என் அப்பா மூன்று ஷிப்டிலும் தன் சைக்கிளில் தன் இஷ்டத்துக்குப் படம் பார்த்தார். அதே வேலையைச் செய்த அந்தப் பெண்களுக்குத் தியேட்டர் என்பதே இல்லை. எங்கள் தியேட்டரின் சாவைப் பற்றி யார் பேசினாலும் டிவியைச் சொல்கிறார்கள். ஹாஸ்டல் கேட்டை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

சைக்கிள் ஸ்டாண்டில் இது எப்படித் தெரிந்தது என்றால், முதலில் கேட்டுக்குப் பக்கத்து வரிசை காலியானது. தியேட்டர் நிரம்பிய நாளில்கூட அந்த வரிசை காலியாகவே இருந்தது. பிறகு சைக்கிள்கள் டி.வி.எஸ். 50 ஆயின, அப்புறம் பைக். பைக் வைத்திருப்பவனுக்கு டவுன் ஒரு தூரமே இல்லை. அவன் டவுனுக்கே போய் முதல் நாளே பார்த்துவிடுவான்.

சரிசெய்யப் பார்த்தது

உரிமையாளர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் டி.டி.எஸ். டிஜிட்டல் ஒலி போட்டார்கள், ஏசி போட்டார்கள். ஏசிக்காக மேற்கு ஜாலியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மேலே சிமென்ட் பூசி அடர்நீல பெயின்ட். ஏசி வேண்டுமென்றால் ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும், நியாயம்தான். ஆனால் அன்றோடு அது கணவாய்க் காற்றில் ஓடும் கட்டடமாக இல்லாமல் மின்கட்டணத்தில் ஓடும் கட்டடமாகிவிட்டது. தொள்ளாயிரம் பேருக்குக் கட்டிய உயரத்தைத் தொண்ணூறு பேருக்காகக் குளிரவைக்க வேண்டும். படம் போட்டு அரை மணியில் ஏசியை நிறுத்துவார்கள். ஜாலியும் இல்லை, ஏசியும் இல்லை. முன்பு வேர்த்ததைவிட அதிகம் வேர்த்தது.

2012 வாக்கில் கோவைப் பக்கம் மின்வெட்டு நாளில் பாதிக்கு மேல். பவுண்டரி, பம்ப்செட், விசைத்தறி எல்லாமே ஜெனரேட்டரில் ஓடிய காலம். தியேட்டரும் டீசலில் ஓடியது. நாற்பது பேர் பார்க்கிற காலைக்காட்சிக்கு டீசல் ஊற்றுவதா வேண்டாமா என்று மேனேஜர் கவுண்டருக்கு வெளியே நின்று தலை எண்ணுவார். குறைந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை என்னையும் அப்படி அனுப்பினார்கள், முப்பத்தி ரெண்டாவது ஆளாக.

காலைக்காட்சியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு மாதிரியான படங்களும் சில வருஷம் ஓடின. அதில் காசு வந்தது. குடும்பங்கள் வருவது நின்றது. பெண்கள் கவுண்டரை மூடி அதில் பிளெக்ஸ் அடுக்கி வைத்தார்கள். இதை நான் ஒழுக்கக் கணக்காகச் சொல்லவில்லை. ஒருமுறை அந்தப் பேர் விழுந்தால் திரும்ப எழவே முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அரங்கை இரண்டாக, மூன்றாகப் பிரித்திருக்கலாமே? புரூக்ஃபீல்ட்ஸ், ஃபன் மால், புரோசோன் என்று மால்கள் வந்தபோது எல்லாரும் கேட்ட கேள்வி இது. மாலில் ஒரு படம் ஊற்றிக்கொண்டால் சின்ன அரங்குக்கு மாற்றிவிட்டு, ஓடுகிற படத்துக்கு இரண்டு அரங்கு கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை செய்த தப்பைச் சனிக்கிழமை திருத்திக்கொள்ள முடியும். ஒற்றைத் திரைக்கு அந்த வழி கிடையாது. பெரிய தொகை அட்வான்ஸ் கொடுத்து எடுத்த படம் படுத்தால் அந்த வாரம் முழுக்கப் படுக்கை. எங்கள் கட்டடத்தைப் பிரிக்க எஞ்சினியர் வந்து பார்த்தார். நடுவில் தூணில்லாத அகலம், ஒரே சரிவு, பால்கனி பாதி அரங்கத்தின் மேல் தொங்குகிறது. எங்கே சுவர் வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு வெளியேறும் வழி போதாது, இன்னொரு பக்கத்துக்குத் திரை கோணலாகும். ஊர் வாய் பிளந்து பார்த்த அந்தத் தூணில்லாத அகலம்தான் கடைசியில் கையைக் கட்டியது.

மற்றவை வேகமாக நடந்தன. பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் ரிலீஸ் என்பதால் ஷிப்டிங் என்ற ஏற்பாடே செத்தது. கேட்பதற்கு நல்லதுதான், எங்களுக்கும் முதல் நாள் படம். ஆனால் டவுனில் நூறு நாள் ஓடித் தேறியது என்ற உறுதி போய்விட்டது, எல்லாப் படமும் சூதாட்டம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.; நூறு ரூபாய்க்கு மேல் டிக்கெட்டுக்கு 28 சதவீதம், அதற்குள் 18. மேலே உள்ளாட்சி வரி என்ற பேச்சு வர, மாநிலம் முழுக்கத் தியேட்டர்கள் சில நாள் மூடின. 2018 மார்ச்சில் டிஜிட்டல் கட்டணத் தகராறில் தயாரிப்பாளர்கள் புதுப்படமே விடவில்லை, ஒன்றரை மாதம். பழைய படங்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஆபரேட்டரும் வாட்ச்மேனும் பார்த்தார்கள்.

2020 மார்ச் 17ல் பூட்டினார்கள். நவம்பர் 10ல் பாதி இருக்கையோடு திறக்கலாம் என்றார்கள், திறந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு ஒரு பெரிய நடிகர் படம் வந்தபோது மூன்று நாள் ரோடு நிறையக் கூட்டம். பழைய ஆட்கள் சிலர் கண் கலங்கிவிட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஏமாறவில்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். பதினொரு பேர். 2021 ஏப்ரல் 26ல் மறுபடி மூடச் சொன்னார்கள். ஆகஸ்டில் மற்ற தியேட்டர்கள் திறந்தபோது இது திறக்கவில்லை.

நிலம்

இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். கட்டும்போது அது ஊருக்கு வெளியே தோட்டத்து நிலம், ஏக்கர் கணக்கு. 1981ல் கோவை மாநகராட்சி ஆனபோது சிங்காநல்லூர் உள்ளே வந்தது. நிலம் சென்ட் கணக்குக்கு மாறியது. பிறகு இன்னும் மாறி, இப்போது சதுர அடி. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே உள்ள மெயின் ரோட்டு இடத்தை விற்றுப் பேங்கில் போட்டால் வருகிற வட்டிக்குப் பக்கத்தில்கூடக் கலெக்‌ஷன் வராது. கட்டியவருக்கு அது தியேட்டர். பேரன்களுக்கு அது பங்கு. இதில் யாரையும் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் பங்காக இருந்தால் நானும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பேன்.

போன வருஷம் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். உள்ளே சாமான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தேக்குக் கதவுகள் முதலில் போய்விட்டன. நாற்காலிகளின் வார்ப்பிரும்புக் கால்கள் கிலோ கணக்கில். மேற்குச் சுவரில் ஓரிடத்தில் பூச்சும் செங்கலும் பெயர்ந்து, பின்னால் பழைய ஜாலி நாலு கட்டம் தெரிந்தது. வைகாசி மாதம். அந்த நாலு கட்டம் வழியாக மட்டும் காற்று வந்து, தரையில் கிடந்த பழைய டி.சி.ஆர். எனும் தினசரி வசூல் கணக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வகுப்பு வாரியாக டிக்கெட் எண்ணிக்கை, கீழே ரெப், அதாவது விநியோகஸ்தரின் ஆள், போட்ட கையெழுத்து. தேதி எலி தின்ற பக்கத்தில் போய்விட்டது.

வெளியே வந்தால் வடக்கே தகரக் கூரை அப்படியே நிற்கிறது. அடியில் வண்டிகள் நெருக்கமாக, எழுபது எண்பது இருக்கும். எல்லாம் ஸ்கூட்டர், பைக். இங்கே வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் வேலைக்குப் போகிறவர்கள். பழைய ஸ்டாண்டுக்காரரின் மகன் உட்கார்ந்திருந்தார். நாள் வாடகையும் உண்டு, மாத வாடகையும் உண்டாம்.

"தியேட்டர் இருந்தப்பத்தைக் காட்டிலும் இப்ப பரவால்லீங்ணா. தினமும் வண்டி வருது. ஞாயித்துக்கிழமைதான் ஈ ஓட்டறேன்."

என் வண்டிக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார். தகரம் இல்லை, பிளாஸ்டிக்.